தண்ணீர் போன மாம்பழம்

சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன என்று மருத்துவர் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "அப்போ எதெல்லாம் சாப்பிடக் கூடாதுங்க?" என்பதுதான். இன்னும் எத்தனை காலம் இருப்பேன் என்று கேட்கத் தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. நான் வாய்க்காக வாழ்ந்தவள். ஓசூரில், வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் லைன் லீடராக இருந்தேன். இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து கால் கடுக்க வந்தாலும் சூடாக ஒரு ரசம் வைத்து, கருவாடு சுட்டு, உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்ட பிறகுதான் படுப்பேன். கம்பெனி கேன்டீன்காரருக்கு என்னைக் கண்டாலே பயம். சாம்பாரில் பெருங்காயம் பழசு என்றால்கூடத் தட்டோடு போய் அவர் முன்னால் நிற்பேன்.

டயாலிசிஸ் தொடங்கியதும் வேலை போயிற்று. வாரத்தில் மூன்று நாள் கையில் இரண்டு பெரிய ஊசிகளைக் குத்திக்கொண்டு நாலு மணி நேரம் படுத்துக் கிடக்கிறவளை எந்த லைனில் நிறுத்த முடியும்? கிட்னி கொடுக்க என் தம்பியும் வந்தான், வீட்டுக்காரரும் முன்வந்தார். ஒருவருடையதும் பொருந்தவில்லை. பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். இன்னும் காத்திருக்கிறோம்.

ஊசியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். தாகத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர், மாத்திரை போடுவதும் அதில்தான். உதடு வெடித்து, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு ஐஸ் கட்டியை வாயில் வைத்துக்கொண்டு, அது கரையக் கூடாதே என்று வேண்டிக்கொள்வேன். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா குழாயை முழுசாகத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவும்போது எனக்குத் தெரிந்த தெலுங்கு முழுவதையும் சேர்த்து மனதுக்குள் திட்டுவேன். பாவம், அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் எனக்குப் பூ கொண்டுவந்து கொடுப்பார்.

அப்போது ஒரு டாக்டர் அவசரமாக ஒரு வார்த்தை சொன்னார். "குழம்புல இருக்கறதும் தண்ணிதான், பழத்துல இருக்கறதும் தண்ணிதான், எல்லாத்தையும் பாத்துச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். பொட்டாசியம் என்றும் ஏதோ சொன்னார்கள். அது ஒரு மாத்திரையின் பெயர் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். தண்ணீர் மட்டும் என் வீட்டுக்காரர் மண்டையில் நன்றாக ஏறிவிட்டது. அதற்குக் காரணம் இருந்தது.

அவர் இருபது வருடத்துக்கு மேலாக ஒரு கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் இருக்கிறார். இரும்புப் பாகங்களைக் கழுவி, பெரிய ஓவனுக்குள் அனுப்பி ஈரத்தைப் போக்கி, அதன் பிறகு பெயின்ட் அடிப்பார்கள். மடிப்புக்குள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றால் போதும், பெயின்ட் கொப்புளித்துக்கொள்ளும். அந்தப் பாகம் கழிவுக்குப் போகும். ஆக, தண்ணீரை விரட்டுவதுதான் அவருடைய பிழைப்பு. வீட்டில்கூடத் தட்டைக் கழுவினால் துடைத்துத்தான் கவிழ்ப்பார். நான் அதைக் கிண்டல் செய்யாத நாள் இல்லை.

ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் உட்கார்ந்தார்.

"ஏய், தண்ணிதான பிரச்சினை?"

"ஆமா, அதுக்கென்ன இப்போ?"

"தண்ணிய எடுத்துட்டா?"

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நானும் கம்பெனியில் குப்பை கொட்டியவள்தானே. குறையைக் கண்டுபிடி, அதை மட்டும் நீக்கு என்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அடுத்த வாரம் பெட்டி வந்தது. மைக்ரோவேவ் மாதிரி ஒன்று, உள்ளே அடுக்கடுக்காக வலைத் தட்டுகள், பின்னால் ஒரு விசிறி. பழமும் கீரையும் கறியும் காயவைக்கும் எந்திரம். அவர் அதையும் ஓவன் என்றுதான் சொன்னார். அது மாம்பழக் காலம். கிருஷ்ணகிரி ரோட்டில் இரண்டு பக்கமும் பழத்தைக் குவித்து வைத்திருப்பார்கள். நான் பிறந்தது சாமல்பட்டிப் பக்கம். மாம்பழம் எனக்குப் பழம் இல்லை, சாப்பாடு. அந்த வருடம் ஒரு கீற்றுகூட வாயில் வைக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். கட்டைப்பை நிறையச் செந்தூரா வாங்கி வந்தார்.

முதல் தடவை சரியாக வரவில்லை. கனிந்த பழம் வலையோடு ஒட்டிக்கொண்டு சுரண்டத்தான் முடிந்தது. அப்புறம் கையால் அழுத்தினால் சற்றே அமுங்குகிற பதத்தில் பழம் பார்த்து வாங்கினார். தோல் சீவி, ஒரே கனத்தில் அறுத்தார். தடிமனாக விட்டால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கிறது என்று கண்டுபிடித்தார். ஒரு துண்டை எடுத்து வளைத்துப் பார்ப்பார். வளைய வேண்டும், ஆனால் மடிப்பில் ஈரம் கசியக் கூடாது. ஒரு துண்டில் கசிந்தாலும் தட்டு முழுவதும் திரும்ப உள்ளே போகும். சமையல் தராசில் முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்து, "எவ்ளோ போயிருக்குது பாரு!" என்பார், ஏதோ என் உடம்பிலிருந்தே அவ்வளவும் போனது போல.

வீடு முழுக்க மாம்பழ வாசனை. அந்தத் துண்டுகள் தோல் வார் மாதிரிதான் இருந்தன. ஆனால் மெல்ல மெல்லப் பழம் வாய்க்குள் திரும்பி வரும். எச்சில் ஊறித் தாகம்கூடக் கொஞ்சம் அடங்கும். நான் டிவி பார்த்தபடி ஒன்று, மாத்திரை கசப்புக்கு ஒன்று என்று தின்றுகொண்டே இருந்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து நான் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணமான புதிதில்கூட அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

மாம்பழத்தோடு நிற்கவில்லை. புதினா, கொத்தமல்லி, முருங்கைக் கீரை எல்லாம் ஓவனுக்குள் போய்ப் பொடியாக வந்தன. உப்பில்லாத சோற்றில் அந்தப் பொடியைத் தூவிப் பிசைந்து தின்றேன். ஜவளகிரியில் கட்டிக்கொடுத்த அவர் தங்கை வீட்டில் கிடா வெட்டினார்கள். அந்தக் கறியைக் கொண்டுவந்து கொழுப்பை வழித்தெடுத்து, நீளநீளமாக அறுத்து, மஞ்சளும் மிளகும் மட்டும் தடவிக் காயவைத்தார். உப்பு எனக்கு ஆகாதே. "உப்பே போடாத உப்புக்கண்டம், ஊர்லயே உங்க வீட்ல மட்டுந்தான்" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். நோய் வந்த பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்த நாட்கள் அவைதான்.

பிறகு கால் கனக்க ஆரம்பித்தது. அலுப்பு என்று நினைத்தேன். ஒரு காலையில் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. கால் இருக்கிறது, ஆனால் என் சொல் கேட்கவில்லை. நெஞ்சுக்குள் துடிப்பு விட்டுவிட்டு வந்தது. அவர் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதும், ஆட்டோவில் என் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பேசியதும் ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தவர்கள் உடனே டயாலிசிஸ் மெஷினில் போட்டார்கள்.

சாயங்காலம், சாப்பாட்டு முறை சொல்லும் பெண் வந்தாள். சின்ன வயதுதான். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். எனக்குக் கொடுப்பதற்காக ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவந்திருந்தார்.

"தண்ணியே இல்லீங்க மேடம். நானே காயவெச்சது."

அவள் கவரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். திட்டத்தான் வந்திருப்பாள், ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எப்படித் திட்டுவது?

"ஒரு நாளைக்கு எவ்ளோ சார் கொடுத்தீங்க?"

"ஒரு கைப்பிடிதாங்க."

"சார், காஞ்சதுல ஒரு கைப்பிடின்னா முழுப் பழமா ரெண்டு மூணு சாப்பிட்ட மாதிரி. தண்ணி மட்டுந்தான் சார் போகும். பொட்டாசியம் எங்கயும் போகாது, எல்லாம் அதுக்குள்ளயே நிக்கும். நமக்கெல்லாம் கிட்னி வெளிய தள்ளிடும். இவங்களுக்குத் தள்ள ஆளில்ல. அது ஏறினா நேரா ஹார்ட்டத்தான் புடிக்கும்."

"கீரைப் பொடி?" என்று கேட்டார்.

"அதுவும்தான் சார்."

"கறிங்க? உப்புகூடப் போடலீங்களே மேடம்."

அதுவும் ஆகாது என்று அவள் தலையை அசைத்தாள். அப்புறம் காய்களை எப்படிச் சமைக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினாள். சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். இத்தனை நாள் அவர் விரட்டிய தண்ணீரை வைத்துத்தான் பொட்டாசியத்தை விரட்ட வேண்டுமாம். கையில் அந்தக் கவரை என்ன செய்வதென்று தெரியாமல் மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "நானே உன்னக் கொன்னுருப்பேன்" என்றார் ஒரு மதியம். நான் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கோ ஆத்திரம். டாக்டர் மேல், அந்தச் சின்னப் பெண் மேல், அவர் மேல், மாம்பழம் மேல்கூட. "கொன்னிருந்தா நல்லாதான் இருந்திருக்கும். தின்னுட்டாவது செத்திருப்பேன்" என்றேன். சும்மா சொன்ன பேச்சில்லை அது. இன்றைக்கும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

எந்திரத்தை அவர் தூக்கிப் போடவில்லை. பெயின்ட் ஷாப் ஆட்களுக்காகக் காயவைத்தார். அவர்களுக்கு அது பிடித்துப் போயிற்று. எனக்கு வேகவைத்து வடித்த பீன்ஸும் சுரைக்காயும். பழைய துணியைத் தின்பது போல இருக்கும். உப்பு இல்லை, புளி இல்லை, ருசி எங்கிருந்து வரும் என்று தட்டைத் தள்ளிவிடுவேன். அடுத்த மாம்பழக் காலம் வந்தது. எந்திரம் ஓடியது. இந்த முறை வீட்டில் வாசனையே இல்லை. "கல்லு வெச்சுப் பழுத்தத வாங்கியாந்து காயவெக்கிறீங்க. நம்ம கிருஷ்ணகிரிப் பழமா இது? ஒரு வாசன இருக்குதா?" என்று சத்தம் போட்டேன். அவர் ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார்.

அந்த மாதத்தில்தான் ஒரு புதன்கிழமை, டயாலிசிஸுக்குக் கிளம்புகிற நேரத்தில், நான் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நான் வரல."

"ஒடம்பு என்னா பண்ணுது?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. இனிமே எப்பவும் வரல. விட்ருங்க."

அவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். போகாவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். சில நாட்களில் மூச்சு முட்டும், பிறகு முடிந்துவிடும். அவர் அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. நியாயம் பேசுவார் என்று நினைத்தேன், அதுவும் இல்லை.

"எதுக்கு வரணும், நீங்களே சொல்லுங்க. ஊசி குத்திக்கிறதுக்கு ஊசி குத்திக்கிறேன். நாளைக்கு உயிரோட எந்திரிச்சா நாளான்னிக்கு மறுபடியும் ஊசி. நடுவுல எனக்குன்னு என்னா இருக்குது? ஒரு மாம்பழம் தின்ன முடியுதா?"

ஹெல்மெட்டின் வாரைத் தடவியபடி, "அது மட்டும் கெடச்சா வருவியா?" என்று கேட்டார்.

"வருவேன்" என்றேன். "காயவெச்சது இல்ல. சாறு வடியற பழம்."

உண்மையாகத்தான் சொன்னேன். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு வருடத்தைத் தள்ளிவிடலாம் என்று தோன்றியது. மனிதர்கள் பேரன் பேத்திக்காக, கட்டி முடிக்காத வீட்டுக்காக உயிரைப் பிடித்துக்கொள்கிறார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு நாக்குதான் இருந்தது.

டயாலிசிஸ் சென்டரில் வெளியே தெரியாத வழக்கம் ஒன்று உண்டு. மெஷின் ஓட ஆரம்பித்த முதல் ஒரு மணி நேரத்தில் சிலர் டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். ஒருத்தர் அரை வாழைப்பழம் தின்பார், ஒருத்தர் தர்பூசணித் துண்டு. அப்போது உள்ளே போவதை மெஷினே கழுவி எடுத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. நர்ஸுகள் அளவை மட்டும் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். எனக்குப் பக்கத்துப் படுக்கையில் பாகலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், வயதானவர். தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவார். அவருக்கு அந்த ஒரு மணி நேரம் திருவிழா. நான் மட்டும் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த நாளுக்குப் பிறகு பயந்துபோய் எதையும் தொட்டதில்லை.

அந்தப் புதன்கிழமை நான் மெஷினில் கிடந்தபோதே என் வீட்டுக்காரர் போய் டாக்டரைக் கேட்டிருக்கிறார். போன ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, முதல் மணி நேரத்தில் இரண்டு சின்னத் துண்டு என்றால் பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த தடவை ஊசி குத்தி, குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கியதும், பையிலிருந்து டப்பாவை எடுத்தார். நல்ல மஞ்சள் நிறத்தில் துண்டுகள், அடியில் சாறு தேங்கி நின்றது. எனக்கு ஒரு கை அசைக்க முடியாது. அவரே ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார்.

குளிர்ச்சியாக இருந்தது. வழவழவென்று இருந்தது. கடித்தேன், சாறு நாக்கில் இறங்கியது. நான் காத்திருந்தேன். இன்னும் கொஞ்சம் மென்றேன். ஒன்றும் வரவில்லை. ஈரமான எதையோ மென்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். உப்பில்லாததால் இல்லை, புளியில்லாததால் இல்லை, கல்லு வைத்துப் பழுத்ததாலும் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. போனது என் நாக்குதான். பயந்துபோனேன். கால் வராமல் தரையில் கிடந்தபோதுகூட அப்படி ஒரு பயம் வந்ததில்லை.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்குது?"

"தேனு மாதிரி இருக்குதுங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. இன்னொரு துண்டையும் ஊட்டினார். அதையும் தின்று கண்ணை மூடி, "ம்ம்" என்று சப்புக்கொட்டினேன். சந்தோஷம் தாங்காமல் பக்கத்துப் படுக்கைப் பெரியவருக்கு டப்பாவை நீட்டினார். "நீங்களும் ஒண்ணு எடுத்துக்கங்க பெரியவரே. தேனு மாதிரி இருக்குதாம்."

பெரியவர் ஒரு துண்டை வாயில் போட்டார். மறு நொடியே முகம் சுருங்கி, ஒரு கண் மூடிக்கொண்டது. "அய்யய்யோ சாமி! என்ன புளிப்பு, பல்லு கூசுது! யாரு உனக்கு இத பழம்னு கொடுத்தது? ஊறுகாய்க்குத்தான் ஆவும்" என்று சிரித்தபடி பக்கத்திலிருந்த காகிதத்தில் துப்பினார்.

என் வீட்டுக்காரர் டப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. அவர் மெதுவாக ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். தாடை இறுகியது. கண்ணில் நீர் கட்டியது. விழுங்கினார்.

"இல்லையே பெரியவரே" என்றார். "இனிப்பாதான இருக்குது."

மிச்சம் இருந்த துண்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றார். கடைசியில் டப்பாவைத் தூக்கி அடியில் தேங்கிய சாற்றையும் குடித்தார். கைக்குட்டையால் டப்பாவை ஈரம் போகத் துடைத்து மூடி, பைக்குள் வைத்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நாலு மணி நேரமும் முடிந்து ஊசியை எடுத்துக் கட்டுப் போட்ட பிறகு, என் செருப்பைக் காலுக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் கேட்டார்.

"அடுத்த தடவையும் வருவ இல்ல?"

"வர்றேன்" என்றேன்.

மாம்பழத்துக்காக இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வேறு எதற்காக என்று அவர் கேட்கவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.